அடித்தல் திருத்தல் உள்ள நோட்டுகள்

மனச்சாட்சிக்கென்று உலகத்தில் ஒரு தலைநகரம் அறிவிக்க வேண்டிய நாள் வந்தால், அந்தப் பெருமை எங்கள் தெருவுக்குத்தான் சேர வேண்டும். மற்ற ஊர்களில் மனிதர்கள் கொள்கைக்காகச் சிறைக்குப் போனார்கள், பட்டினி கிடந்தார்கள், சிலர் உயிரையே விட்டார்கள். இவ்வளவு சிரமமே வேண்டாம், மையுள்ள ஒரு பேனா போதும் என்று கண்டுபிடித்தவர்கள் எங்கள் தெருக்காரர்கள்.

தெரு ஒன்றும் நீளமில்லை. ஒரு முனையில் நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளை. நடுவில் பல் டாக்டரின் ஆஸ்பத்திரி. அதற்கு நேர் எதிரே கட்டில், பீரோ, நாற்காலி விற்கும் பெரிய கடை. வங்கியில் நான் துணை மேலாளர். என் மேசைமேல் 'சேதமடைந்த நோட்டுகள் பரிசீலனை' என்று ஒரு பலகை இருக்கும். கிழிந்தது, எரிந்தது, எலி கடித்தது, சட்டையோடு சேர்த்துத் துவைக்கப்பட்டது எல்லாம் என்னிடம்தான் வரும். 'செல்லும்' அல்லது 'செல்லாது' என்று தீர்ப்பு சொல்லுவேன். நீதிபதிகள் பக்கம் பக்கமாக எழுதுவதை நான் ஒரு ரப்பர் ஸ்டாம்பில் முடித்துவிடுகிறேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

எங்கள் நாட்டு நோட்டில், எண்ணுக்குக் கீழே, 'இறைவன் துணை' என்று பொடி எழுத்தில் ஒரு வரி அச்சாகியிருக்கும். நோட்டு அச்சடிக்க ஆரம்பித்த காலத்திலிருந்தே இருக்கிறது. யாரும் படித்ததில்லை. நோட்டை எடுத்தால் எல்லோரும் எண்ணைப் படிப்பார்கள், மடித்து வைத்துக்கொள்வார்கள்.

பல் டாக்டர் அந்த வரியைப் படித்துவிட்டார். ஒரு நோயாளிக்கு ஈறில் ஊசி போட்டுவிட்டு, மரத்துப் போகட்டும் என்று காத்திருந்த நேரத்தில், பொழுது போகாமல் மேசைமேல் கிடந்த நோட்டை எடுத்துப் பார்த்தாராம். நோயாளியின் ஈறு மரத்துப் போன அதே நிமிடத்தில் டாக்டரின் மனச்சாட்சி விழித்துக்கொண்டது.

டாக்டர் என் மனைவியின் அண்ணன். அன்று சாயங்காலமே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"மாப்பிள்ளை, எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாதுன்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும் மச்சான். எங்க கல்யாணத்துலயே மைக் புடிச்சுச் சொன்னீங்களே."

"அப்புறம் என் சட்டைப் பைக்குள்ள உக்காந்துக்கிட்டு அரசாங்கம் எப்படி 'இறைவன் துணை'ன்னு சொல்லலாம்? என் பை மாப்பிள்ளை. என் நெஞ்சு மேல இருக்கற பை. நான் நம்பாத ஒண்ணை நானே சுமந்துட்டுப் போய் ஊரெல்லாம் குடுத்துட்டு வரேன். நியாயமா இது?"

யோசித்துப் பார்த்தால் நியாயமான கேள்விதான். நியாயமான கேள்விகளுக்கு எங்கள் வீட்டில் என் மனைவிதான் பதில் சொல்வது வழக்கம்.

"பையை இடுப்புகிட்ட வெச்சுத் தச்சுக்க அண்ணா," என்றாள்.

டாக்டர் தங்கையை மன்னித்துவிட்டு, சிவப்புப் பேனாவை எடுத்தார். ஒரு நோட்டை மேசைமேல் விரித்து, 'இறைவன்' என்ற சொல்லின் குறுக்கே ஸ்கேல் வைத்து நேராக ஒரு கோடு போட்டார். 'துணை' மட்டும் மிச்சம் நின்றது. மேலே யாருமில்லாமல் துணை தனியாக நிற்பதைப் பார்த்ததும், மேலாளர் லீவில் போகும் நாட்களில் வங்கியில் நான் படும் பாடு நினைவுக்கு வந்து மனம் இளகிவிட்டது.

"நோட்டுல எழுதக்கூடாதுன்னு ரூல் இருக்கே மச்சான்," என்றேன்.

"நான் எங்க எழுதினேன்? அடிச்சேன். எழுதறது வேற, அடிக்கறது வேற."

இந்த நுட்பத்தை நானும் ஏற்றுக்கொண்டேன். அரசாங்கம் அச்சடிக்கலாம், குடிமகன் சும்மாகூட அடிக்கக்கூடாதா?

மறுநாளிலிருந்து ஆஸ்பத்திரியை விட்டு வெளியே போகும் நோட்டில் இறைவன் இருக்கக்கூடாது என்று முடிவாயிற்று. ஆனால் சமூகம் இதற்குத் தயாராக இல்லை. பல் செட் கொண்டுவந்து கொடுக்கும் ஏஜெண்ட், "சார், வேற நோட்டு குடுங்க," என்று கையை நீட்டியபடியே நின்றார். மின்சாரக் கட்டணம் வாங்கும் அம்மாள் கண்ணாடிக்கு அடியில் நோட்டைத் திருப்பித் தள்ளினாள். பெட்ரோல் பங்க்கில் வண்டியை ஓரம் கட்டச் சொன்னார்கள். வாங்க மாட்டேன் என்று சொல்லத் தெரிந்தவர்கள் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். கடைசியில் டாக்டரின் கொள்கை, அப்படிச் சொல்லத் தெரியாத ஒருவரிடம் போய்ச் சேர்ந்தது.

அவரை எல்லோரும் 'அக்கா' என்றுதான் கூப்பிடுவோம். அவரைவிட மூத்தவர்களும் அப்படித்தான். காலையில் டாக்டரின் ஆஸ்பத்திரியைக் கூட்டித் துடைத்து, எச்சில் தொட்டியைக் கழுவிவைப்பார். மத்தியானம் எதிரே கட்டில் கடையில் தூசி தட்டுவார். இரண்டு இடத்திலும் வாரச் சம்பளம். கடைச் சம்பளம் வீட்டுச் செலவுக்குப் போய்விடும், சில மாதங்களாக டாக்டர் கொடுத்த சிவப்புக் கோட்டு நோட்டுகளைத்தான் துணிப் பர்ஸில் போட்டு ஜாக்கெட்டுக்குள் சேர்த்து வைத்திருந்தார்.

எல்லாம் அவர் வீட்டுக்காரருக்குக் காது மிஷின் வாங்கத்தான். அவர் ஒரு சோப்புத் தொழிற்சாலையின் வாசலில் வாட்ச்மேன். கொஞ்ச காலமாகக் காது மந்தம். ஒரு நாள் தொழிற்சாலை முதலாளியின் கார் கேட்டுக்கு வெளியே நின்று ஹாரன் அடித்து ஓய்ந்துவிட்டது. வாட்ச்மேன் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, உள்ளே நின்ற தண்ணீர் லாரிக்கு விறைப்பாக சல்யூட் அடித்துக்கொண்டிருந்தார். "அடுத்த மாசத்துக்குள்ள காதுல மிஷின் இருக்கணும், இல்ல கேட்ல வேற ஆள் இருப்பான்," என்று சொல்லிவிட்டார்கள். அதையும் அவர் பக்கத்திலிருந்தவரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார்.

அக்கா தன் சேமிப்பை எடுத்துக்கொண்டு கட்டில் கடை முதலாளியிடம் போனார். "ஐயா, இதெல்லாம் சின்னச் சின்ன நோட்டா இருக்கு. பெரிய நோட்டா மாத்திக் குடுங்களேன்."

கட்டில் முதலாளி பக்திமான். கடையில் ஒவ்வொரு கட்டிலும் பிரார்த்தனைக்குப் பிறகுதான் வெளியே போகும். நோட்டைக் கையில் வாங்கினார், பார்த்தார், அலறினார்.

"ஐயோ! இறைவனை அடிச்சிட்டாங்க! டாக்டர் இறைவனை அடிச்சிட்டாரு!"

கடையில் இருந்தவர்கள் அடிதடி என்று நினைத்து ஓடிவந்தார்கள். ஒருவர் கையில் கட்டில் கால் இருந்தது. விஷயம் மைக்கோடு என்று தெரிந்ததும் அவருக்கு ஏற்பட்ட ஏமாற்றத்தை அடக்க நேரம் பிடித்தது.

கட்டில் முதலாளி நிதானமிழக்கவில்லை. பச்சைப் பேனா கேட்டு வாங்கி, அக்காவின் ஒவ்வொரு நோட்டிலும் சிவப்புக் கோட்டுக்கு மேலே 'இறைவன்' என்று திரும்ப எழுதி, கீழே அடிக்கோடும் போட்டார். கண்ணில் ஒற்றிக்கொண்டு அக்காவிடமே கொடுத்தார்.

"இந்தாம்மா. சுத்தப்படுத்திட்டேன்."

"பெரிய நோட்டாத்தானேய்யா கேட்டேன்?"

"அடிபட்ட நோட்டை எப்படிம்மா நான் கல்லாவுல வெப்பேன்? நீயே சொல்லு."

மறுநாள் காலை டாக்டர் கேட்டார். "அக்கா, அந்த நோட்டை எல்லாம் என்ன பண்ணீங்க?" அக்கா பர்ஸைத் திறந்து காட்டினார். பச்சையைப் பார்த்ததும் டாக்டருக்கு முகம் சிவந்தது. வெளியே நோயாளி வாயைத் திறந்தபடி காத்திருக்க, உட்கார்ந்து எல்லாவற்றையும் திரும்ப அடித்தார். இந்த முறை ஓரத்தில் 'ஆதாரம் உண்டா?' என்று ஒரு வரியும் சேர்த்தார். மத்தியானம் அதன் பக்கத்தில் பச்சையில் பதில் வந்தது: 'சூரியனைப் பார்.' மறுநாள் காலை சிவப்பில்: 'பார்த்தேன். சுடுகிறது.'

எதிரெதிரே கடை வைத்தும் ஆண்டுக்கணக்கில் ஒரு வார்த்தை பேசாத இரண்டு பெரிய மனிதர்கள், இப்படியாக மனம் விட்டுப் பேச ஆரம்பித்தார்கள். அக்கா ஆஸ்பத்திரிக்குள் காலெடுத்து வைத்ததும் டாக்டர், "என்ன பதில் எழுதியிருக்காரு?" என்று கையை நீட்டுவார். கடைக்குள் நுழைந்ததும் முதலாளி, "டாக்டர் மாட்டிக்கிட்டாரா?" என்பார். பர்ஸை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தபோது, போய் எடுத்துவரச் சொல்லி அரை நாள் லீவு கொடுத்தார்கள். சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள், அது வேறு விஷயம்.

அக்கா காது மிஷின் கடைக்குப் போனார். கடைக்காரர் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னம்மா இது, நோட்டா, நோட்டுப் புஸ்தகமா?"

வீட்டுக்குப் போய் வீட்டுக்காரரிடம் சொன்னாராம். "நோட்டு செல்லாதாங்க!"

"ரோட்டுல நில்லாதேன்னா? வாட்ச்மேன் வேற எங்கடி நிப்பான்?" என்று அவர் கோபித்துக்கொண்டாராம்.

அதற்குப் பிறகுதான் அக்கா என் மேசைக்கு வந்தார். நோட்டுகளைப் பரப்பி வைத்தார். நான் என் பணிக்காலத்தில் எலி கடித்த நோட்டைப் பார்த்திருக்கிறேன், தத்துவம் கடித்த நோட்டைப் பார்த்ததில்லை. சுற்றறிக்கையை எடுத்தேன். 'மதம் அல்லது அரசியல் சார்ந்த வாசகம் எழுதப்பட்ட நோட்டுகளுக்கு மாற்று வழங்கலாகாது' என்று இருந்தது. அடிப்பது வாசகமா? அடித்ததைத் திருத்துவது வாசகமா? ஒரு துணை மேலாளர் தனியாகத் தாங்கக்கூடிய பாரம் இல்லை இது. மேலாளரிடம் கொண்டுபோனேன். அவர் உடனே ஓர் உயர்மட்ட ஆலோசனைக் கூட்டத்துக்கு ஏற்பாடு செய்தார்.

கூட்டம் மேலாளர் அறையில் நடந்தது. மேலாளர், வங்கியின் வக்கீல், டாக்டர், கட்டில் முதலாளி, நான். நாற்காலிகள் கட்டில் கடையிலிருந்து இரவல். அப்படியும் ஒன்று குறைந்ததால் அக்கா கதவோரம் நின்றார்.

டாக்டர் தொடங்கினார். "நான் அரசாங்கத்தோட வாயை மூடல. என் வாயை அது கடன் வாங்கக்கூடாதுன்னு சொல்றேன். ஒரு வார்த்தையை அடிச்சதால நோட்டுல எழுத்து குறைஞ்சிருக்கு. குறைஞ்சது எப்படிங்க கூடுதல் வாசகம் ஆகும்?"

வக்கீல் ரசித்துத் தலையாட்டினார்.

கட்டில் முதலாளி எழுந்தார். "நான் எழுதினது என் வார்த்தை இல்லீங்க. அரசாங்கமே அச்சடிச்ச வார்த்தை. அவங்க எழுதினா செல்லும், அதையே நான் எழுதினா செல்லாதா? அப்ப அரசாங்கத்துக்குத்தான் பக்தி இருக்கலாம், ஜனங்களுக்கு இருக்கக்கூடாதா?"

அதற்கும் வக்கீல் ரசித்துத் தலையாட்டினார். இரண்டு வாதமும் கேட்கக் கேட்க இனிமையாக இருந்தது.

மேலாளர் அக்காவையும் மறக்கவில்லை. "ஏம்மா, நீங்க எந்தப் பக்கம்?"

"நான் ரெண்டு பக்கமும் கூட்டறேங்க," என்றார் அக்கா.

இதை 'நடுநிலை' என்று பதிவு செய்துகொண்டேன்.

அடுத்து, நோட்டு யாருடைய சொத்து என்ற ஆழமான பிரச்சினை வந்தது. வக்கீல் விளக்கினார். "தாள் அரசாங்கத்தோடது. அதுல இருக்கற கருத்து பொதுமக்களோடது. மதிப்பு மட்டும்தான் வெச்சிருக்கறவங்களோடது."

"அப்ப எனக்கு மதிப்பைக் குடுத்துட்டு, தாளையும் கருத்தையும் நீங்களே வெச்சுக்கங்களேன்," என்றார் அக்கா. "அவருக்கு இந்த மாசத்தோட கெடு முடியுதுங்க."

மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். கூட்டம் தேநீருக்காக ஒத்திவைக்கப்பட்டது.

தேநீருக்குப் பிறகு மேலாளர் ஒரு யோசனை சொன்னார். டாக்டரும் முதலாளியும் ஆளுக்குப் பாதியாக அந்த நோட்டுகளை எடுத்துக்கொண்டு, அக்காவுக்கு நல்ல நோட்டு கொடுத்துவிட்டால் என்ன?

"மாத்திக் குடுத்தா நான் செஞ்சது தப்புன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமே," என்றார் டாக்டர்.

"அதேதாங்க! அதேதான் நானும் சொல்ல வந்தேன்," என்றார் கட்டில் முதலாளி.

இருவரும் முதல் முறையாக ஒரே கருத்தைச் சொல்லிவிட்டார்கள். எழுந்து நின்று கைகுலுக்கினார்கள். மேலாளருக்குக் கண் கலங்கியது. நானும் கைக்குட்டையைத் தேடினேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

இறுதித் தீர்ப்பை எழுதும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. அடிக்கும் உரிமை காக்கப்பட வேண்டும். திருத்தும் உரிமையும் காக்கப்பட வேண்டும். ஆனால் ஒரே நோட்டில் இரண்டும் நடந்திருந்தால் அது 'விவாதம்' ஆகிறது, விவாதம் செல்லாது. அக்காவிடம் இருந்தது அத்தனையும் விவாதம். என் ஊதா மையில் ஸ்டாம்பைத் தோய்த்து, ஒவ்வொன்றின் மேலும் 'செல்லாது' என்று குத்தினேன்.

அக்கா பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓ," என்றார். "உங்க கலர் ஊதாவா சார்?"

வீட்டில் என் மனைவியிடம் தீர்ப்பை வாசித்துக் காட்டினேன். கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள். "நல்லா எழுதியிருக்கீங்க. இதுல அந்தக்கா எங்க வராங்க?" என்றாள். "'நோட்டை வைத்திருந்தவர்'னு பின்குறிப்புல வராங்க," என்றேன். அன்று அவள் தன் அண்ணனுக்கும் போன் செய்யவில்லை, எனக்கும் சாப்பாடு போடவில்லை. தட்டு இருக்குமிடத்தைக் கண்டுபிடிக்கவே எனக்கு நேரமாகிவிட்டது.

மாதம் முடிந்தது. சோப்புத் தொழிற்சாலையின் கேட்டில் வேறு ஆள் வந்துவிட்டார். அக்காவின் வீட்டுக்காரரைப் பின்பக்கக் கிடங்கில் பெட்டி தூக்கப் போட்டார்கள். சம்பளம் குறைவு, முதுகு வலி கூடுதல்.

அந்த வாரம் சம்பள நாளன்று அக்கா ஆஸ்பத்திரிக்குள் வரவில்லை. வாசல் படியில் உட்கார்ந்து துடைப்பத்தை மடியில் வைத்துக்கொண்டார்.

"என்னக்கா, உள்ள வாங்க," என்றார் டாக்டர்.

"சம்பளத்தை இனிமே சில்லறையாக் குடுங்க டாக்டர். முழுசும் காசா வேணும்."

"காசா? மூட்டையா இருக்குமேக்கா. எதுக்கு?"

"காசுல பேனா ஓடாதுங்க."

டாக்டர் சிரித்துப் பார்த்தார். நோட்டில் சம்பளம் வாங்குவது குடிமக்களின் கடமை என்றார். காசில் எழுத இடமே இல்லாததால் அந்த வாசகமும் இல்லை, ஆகவே காசு கொள்கையற்றது என்று விளக்கினார். அக்கா அசையவில்லை. எதிர்க் கடைக்கும் அதே நிபந்தனைதான். உள்ளே எச்சில் தொட்டி கழுவாமல் கிடந்தது. வாசலுக்கு வந்த நோயாளி ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, பல்வலி போய்விட்டதாகச் சொல்லித் திரும்பிவிட்டார். எதிர்க் கடையில் பீரோக்களின் மேல் தூசி படிந்து, பார்க்க வந்த ஒரு வாடிக்கையாளர் விரலால் தன் பெயரை எழுதிவிட்டுப் போனார். முதலாளியால் அதைத் திருத்த முடியவில்லை, தும்மல்தான் வந்தது.

மூன்றாம் நாள் டாக்டரும் முதலாளியும் ஆளுக்கொரு பையோடு வங்கி வரிசையில் நின்றார்கள், சில்லறை வாங்க.

அக்கா சில மாதங்களில் காது மிஷின் வாங்கிவிட்டார். கடைக்காரர் சில்லறையைக் கொட்டி எண்ணி முடித்தபோது, அவருக்கே காதுக்குள் கிணுகிணு என்று ஆகிவிட்டதாம். மிஷினை மாட்டிய வீட்டுக்காரர் முதலில் கேட்டது அக்காவின் மூச்சிரைப்பை. "இவ்வளவு நாளா இப்படியாடி இரைக்குது உனக்கு?" என்று கேட்டாராம். அக்கா இதை என்னிடம் சொல்லும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். கேட்டில் வேலை திரும்பக் கிடைக்கவில்லை. இன்றைக்கும் பெட்டிதான் தூக்குகிறார், பெட்டி விழுகிற சத்தம் மட்டும் இப்போது துல்லியமாகக் கேட்கிறது.

கருத்துச் சுதந்திரத்தை அமைதியான முறையில் வளர்த்த டாக்டருக்கும் கட்டில் முதலாளிக்கும் சென்ற வாரம் எங்கள் தெரு சார்பில் பாராட்டு விழா நடந்தது. வாழ்த்துரை நான்தான். ஒரு மணி நேரம் பேசினேன். விழா முடிவில் இருவருக்கும் ஊரார் வசூலித்த பணமுடிப்பு வழங்கப்பட்டது.

மறுநாள் காலை இருவரும் ஒன்றாகவே வந்து, அதைத் தங்கள் கணக்கில் கட்ட என் மேசையில் வைத்தார்கள். எல்லாம் பெரிய நோட்டு. மொடமொடவென்று இருந்தன. வழக்கப்படி ஒவ்வொன்றாகப் புரட்டினேன். எல்லாவற்றிலும் 'இறைவன் துணை' அச்சான அன்று இருந்ததுபோலப் பளிச்சென்று இருந்தது. டாக்டரின் நோட்டுகளில் ஒரு சிவப்புக் கோடு இல்லை. முதலாளியின் நோட்டுகளில் ஒரு பச்சை அடிக்கோடு இல்லை.

"என்ன மச்சான், இதுல அடிக்கலையா?" என்று கேட்டேன்.

டாக்டர் பதறிப்போய் நோட்டுகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கட்டில் முதலாளியும் தன் கட்டின் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டார்.

"விளையாடாத மாப்பிள்ளை," என்றார் டாக்டர். "இது பணம்."

அக்காவின் பர்ஸில் இருந்ததைப் பணம் என்று எங்கள் மூவரில் ஒருவர்கூட ஒரு நாளும் நினைத்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. உடனே 'செல்லும்' என்று எழுதி, இருவருக்கும் டீ வாங்கிவரச் சொன்னேன்.